வாடிய செடிக்காரி

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் அவளுடைய செடி வாடியது. முதலில் ஓர் இலை பழுத்தது, பிறகு தண்டு துவண்டது. லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவு மொத்தமும் தலையைத் தூக்கி அதைப் பார்த்தது.

புதிய ஆப்பை மேலாளர் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. யார் எத்தனை முறை கீபோர்டைத் தட்டுகிறார்கள் என்று அது எண்ணும். தட்டத் தட்டச் செடி வளரும். இதற்கு முன் வேலைகளை வண்ணம் பிரிக்கும் ஆப் வந்தது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து ஓய்வெடுக்கச் சொல்லும் ஆப் வந்தது, இவற்றின் தொல்லையையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக் கொடுக்கும் ஆப்பும் வந்தது. வேலையை எப்படிச் செய்வது என்று ஒழுங்குபடுத்துவதிலேயே மேலாளருக்குப் பொழுது போய்விடும். அதைச் செய்ய மட்டும் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

பக்கத்து மேசைக்காரரின் செடி மரமாகித் திரையின் விளிம்பைத் தொட்டிருந்தது. ஒரு வரி அடித்து, முக்கால் வரி அழித்து, கழுத்தைச் சொறிந்துவிட்டு மறுபடி அடிப்பவர் அவர். அழிப்பதையும் ஆப் உழைப்பாகவே எண்ணியது.

"அக்கா, உங்க செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தக் கூடாதா?"

"உங்க மரத்தடியில இடம் குடுங்க, வந்து உக்காந்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். செடி வாடினவர்கள் ஆறு மணி வரை இருக்க வேண்டும் என்று மேலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். அவள் எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்புகிறவள். நாலரைக்கு நீச்சல் வகுப்பு. "அம்பத்தோரு வயசுல நீச்சல் கத்துக்கிட்டு எந்தக் கடலைத் தாண்டப் போறே?" என்று கேட்ட கணவரிடம், "முதல்ல உங்களைத் தாண்டறேன்" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்த வகுப்பு. போன வாரம்தான் முதன்முதலாக யாரும் பிடிக்காமல் மிதந்தாள். நாலு விநாடி. யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், காதுக்குள் தண்ணீரை மட்டும் கேட்ட நாலு விநாடி. அதை ஆறு மணிக்குத் தள்ளிப்போட முடியாது. குளத்தை ஐந்தரைக்கே பூட்டிவிடுவார்கள்.

அவள் ஏன் தட்டுவதில்லை என்பது யாருக்கும் தெரியாது. ஒன்பது வருடங்களாக, வரும் புகார்களைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கெழுத்துகள் சேர்த்து வைத்திருந்தாள். 'கபா' என்று அடித்து ஸ்பேஸ் பாரை அழுத்தினால், கதவு பாதியில் நிற்கும் புகாருக்கான பதில் முழுதாக வந்து விழும். 'சத்' என்றால் சத்தம். 'நாற்' என்றால் நாற்றம். பெயரும் முகவரியும் தாமாகவே போய் உட்காரும். இதை வெளியே சொன்னால் இரண்டு பேர் வேலையைத் தலையில் கட்டுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மௌனமே அவளைச் சோம்பேறியாக்கிவிட்டது.

புதன்கிழமை முதலாளியம்மா வந்தார். மேலாளர் எல்லாரையும் கூட்டி, திரையில் தோப்பைக் காட்டினார். "இது நம்ம உழைப்போட வனம்மா. அங்க ஒண்ணு மட்டும் காஞ்சு கெடக்கு."

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எல்லாம் சரி, யார் எத்தனை லெட்டர் அனுப்பியிருக்காங்க?"

"அது இந்த ஆப்ல வராதும்மா."

"பின்ன எதுல வரும்?"

அனுப்பிய கடிதங்களைத் திறந்து பார்த்தார்கள். முந்தைய நாள் மரக்காரர் ஒன்பது, வாடிய செடிக்காரி அறுபத்தொன்று. மேலாளர், ஆப்பில் ஏதோ கோளாறு என்றார். முதலாளியம்மா அவளைப் பார்த்தார்.

இனி மறைக்க முடியாது. அவள் தன் கணினியைப் பெரிய திரையில் இணைத்தாள். 'கபா', ஸ்பேஸ். அறைக்குள் யாரோ "அடேயப்பா" என்றார்கள். நாலு நிமிடத்தில் ஏழு கடிதங்கள். முதலாளியம்மா எழுந்து திரைக்கே வந்துவிட்டார். "மொத்த லிஸ்ட்டையும் காட்டுங்க."

நூற்றுப் பதினான்கு சுருக்கங்கள், எத்தனை தடவை பயன்பட்டன என்ற கணக்கோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. முதலாளியம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசிக்கு முந்தினதில் நின்றார்.

"'மேயோ. அருமையான யோசனை சார், இன்றே நடைமுறைப்படுத்துகிறேன்.' நானூத்திப் பன்னெண்டு தடவை. இது எந்தப் புகாருக்கு?"

"அது... புகாருக்கு இல்லைங்கம்மா."

மேலாளர் தன் காலணியின் நாடாவை ஆராய்ந்தார். மரக்காரர் இருமலுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அனுப்பின நேரத்தைப் பாத்தா லெட்டரெல்லாம் மதியத்துக்குள்ள முடிஞ்சுடுதே. மிச்ச நேரம் என்ன பண்றீங்க?"

ஒன்பது வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் லெட்டர் போடறதில்லைங்கம்மா. போன் பண்ணிடுவேன். இருட்டுல அரைமணி நேரம் நின்னவங்களுக்கு லெட்டர் என்னத்துக்கு? அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்குவேன். நேரம் ஆகும்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அதான் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க யாரும் ஒப்பந்தத்தை ரத்து பண்றதே இல்லையா!" மேலாளர் பக்கம் திரும்பினார். "இவங்க எத்தனை மணிக்குப் போறாங்க?"

"நாலு... ஆனா இனிமே ஆறுன்னு..."

"நாலுக்கே போகட்டும். செடியெல்லாம் பிடுங்கிடுங்க."

மறுநாள் மூன்று ஐம்பத்தைந்துக்கு அவள் பையை எடுத்தபோது மேலாளர் மேசையருகே வந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?"

"எந்தப் புகாருக்கு சார்?"

"புகார் இல்ல. முதலாளியம்மா மெயில் போடுவாங்கல்ல, அதுக்கு."

அவள் அவர் அறைக்குப் போய் நின்றபடியே போட்டுக் கொடுத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் ஒற்றை விரலால் மூன்று எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அந்த வரி வந்து விழும்போதும் அவர் முகம் மலர்ந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். வெளியே தெருவில் வெயில் இன்னும் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.