அக்காவின் கழுத்து

பதினோரு மாதத்தில் நாற்பத்தெட்டு கிலோவைக் கரைத்தவள் அக்கா. அதுவும் தனக்காக இல்லை. தம்பியின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் அவன் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த காலத்தில், என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் போய் நின்றாள். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் பொருந்துகிறது என்றார்கள். ஆனால் நூற்றுப் பதினாறு கிலோ உடம்பில் கத்தி வைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு குறைய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக, ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி உயிர் வாழ்ந்துகொண்டிருப்பவள். அப்படிப்பட்டவளுக்கு வாயைக் கட்டுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த உணவுத்தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே மற்றவர்கள் காபி குடிக்கப் போகும்போது, இவள் பயிற்சி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மழை வந்தால் கார் ஷெட்டுக்குள் நடந்தாள்.

தம்பி தையற்கடைக்காரன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கடை திறப்பான். அந்த வருஷம் அவளுடைய சட்டைகளை நான்கு தடவை பிடித்துத் தைத்தான். ஐந்தாவது தடவை அவள் வந்து நின்றபோது, இனிமேல் பிடிக்கத் துணியில் இடமில்லை என்று புதிதாகவே வெட்டிக் கொடுத்தான். இடுப்பைச் சுற்றி டேப் வைத்தவன் அளவை வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொண்டான்.

மாற்று அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்காவின் சிறுநீரகம் அவனுக்குள் முதல் நாளிலிருந்தே தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவள் ஒன்றோடு சௌக்கியமாக இருந்தாள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் உடம்பு சுருங்கிய வேகத்துக்குத் தோல் சுருங்கவில்லை. வயிற்றிலும் கையிலும் தொங்கியதைச் சட்டை மறைத்தது. கழுத்தை எதைக்கொண்டு மறைப்பது? தாடையிலிருந்து கழுத்தெலும்புவரை இரண்டு மடிப்பாகத் தொங்கியது. ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு எழுபது வயதுக் கழுத்து. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வியர்வை தங்கிச் சிவந்துபோகும், பவுடர் போட்டுக்கொள்வாள். தம்பி ஒருநாள் சாவி கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் அவனைப் பார்த்து, "உங்க பையனா மேடம்?" என்று கேட்டார். அவனுக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடமும் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரமே, கடையில் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. திரைச்சீலை சரியாக மூடாமல் இருந்தது. உள்ளே அக்கா கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் கழுத்துத் தோலைக் காதுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அசையாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சத்தமில்லாமல் பின்வாங்கி மிஷினில் போய் உட்கார்ந்து, தைக்க எதுவும் இல்லாத ஒரு துண்டுத் துணியைக் கடகடவென்று ஓட்டினான்.

அன்றிலிருந்து, டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளை நச்சரிக்க ஆரம்பித்தான். யானைக்கே எலும்பு தெரியுற அளவுக்கு இளைச்சாச்சு, இனிமே தோலைப் பத்தி என்ன கவலை என்று தட்டிக் கழித்தாள். அவனும் ஓய்ந்துபோய்விட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர். கடையைப் பூட்டிட்டு வந்துடு" என்றாள். அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் சர்ஜன் குள்ளமான, வேகமாக நடக்கும் பெண்மணி. அக்காவைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, பல்லைக் கடிக்கச் சொல்லி, தோலை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். எடை ஒரே நிலையில் நின்று எத்தனை மாதமாகிறது என்று விசாரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் என்றதும் தலையாட்டினார்; எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தைத்த தோல் மறுபடியும் தளர்ந்துவிடும், அவர் கத்தியைத் தொடவே மாட்டாராம். ரத்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார். ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் சில வலி மாத்திரைகள் கூடாது, மயக்க மருந்து நிபுணரிடமும் சிறுநீரக மருத்துவரிடமும் பேசிவிட்டுத்தான் நாள் குறிப்பேன் என்றார்.

பிறகு பூசி மெழுகாமல் விளக்கினார். சூடு வைத்துத் தோலை இறுக்கும் கருவிகள் லேசான தளர்ச்சிக்குத்தான்; இவ்வளவு தோலுக்கு அதைச் செய்வது ஏமாற்று வேலை. தாடைக்கு அடியில் சின்னதாகக் கீறித் தசையை மட்டும் சேர்த்துத் தைக்கலாம். ஆனால் மிஞ்சிய தோல் அப்படியே இருக்கும். கழுத்தின் முன்பக்கம், நடுவில், தொங்குவதை நேரடியாக வெட்டி எடுத்துவிடுவது ஒரு வழி. மரத்துப்போக ஊசி போட்டே முடித்துவிடலாம், சீக்கிரம் ஆறும், ஆனால் வளைந்து வளைந்து ஒரு தழும்பு எல்லார் கண்ணிலும் படும். கடைசி வழிதான் பெரியது. காதுக்கு முன்னால் தொடங்கி, பின்னால் போய், முடிக்குள் முடியும் கீறல். உள்ளே தசையை இறுக்கி, தோலை மேலே ஏற்றி, மிஞ்சியதை வெட்டுவது. நாலு மணி நேரம், முழு மயக்கம். தழும்பு காதோரம் ஒளிந்துகொள்ளும்.

கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்குச் சந்தேகமே இல்லை. அக்கா சின்னதைத்தான் எடுப்பாள். வாழ்நாள் முழுக்க எந்தப் பந்தியிலும் கடைசியாக உட்கார்ந்தவள் அவள்.

"பெரிசையே பண்ணிடுங்க டாக்டர்" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஊசியிலயே முடிஞ்சுடும்னு சொன்னாங்களேக்கா" என்று மெல்ல இழுத்தான்.

"கேட்டேன். இளைச்சது உனக்காகடா. இது எனக்கு. நான் கண்ணாடி பாக்கறதுக்காகத்தான் பண்ணிக்கறேன். அதைச் சொல்ல எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துக் கொடுத்தபோது அவளை நினைத்து அவன் மலைத்ததைவிட, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வேண்டும் என்று அவள் கேட்டபோது அதிகமாக மலைத்தான்.

அறுவை ஒரு காலை நேரத்தில் நடந்தது. கிருமி தொற்றினால் அவனுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தான். தாடையைச் சுற்றிக் கட்டோடு அவளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது, இந்த ஒரு நாள் மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு அக்கா அவன் கையைத் தட்டினாள்.

"இடது பக்கம் இறுகுது. வர வர ஜாஸ்தியாகுது."

அவன் எழுந்து பார்த்தான். கட்டுக்கு மேலே, இடது தாடையோரம், வலதுபக்கத்தில் இல்லாத ஒரு வீக்கம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாவதுபோல் இருந்தது. கதவுக்குப் போவதா, கட்டிலுக்கு வருவதா என்று தெரியாமல் சுழன்றான்.

"பதறாத" என்றாள் அக்கா. உதடு சரியாக அசையாமல், ஆனால் நிதானமாக. சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு விழிக்கிறவர்களிடம் இருபத்திரண்டு வருஷமாகப் பேசிய குரல் அது. "ஒண்ணொண்ணா செய். முதல்ல மணியை அழுத்து. அழுத்திட்டியா? இப்ப கதவைத் திற. நர்ஸ் வந்தா, இடது பக்கம் வீங்குது, முழுங்கக் கஷ்டமா இருக்கு, ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சுன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னான். நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார். சர்ஜன் படியேறி வந்த சத்தம் அறைவரை கேட்டது. தோலுக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் கசிந்து ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய், தையலைப் பிரித்து, கட்டிய ரத்தத்தை எடுத்து, குழாயை அடைத்துத் தைத்தார்கள். முக்கால் மணி நேரம். தம்பிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வெளியே வந்த சர்ஜன், முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது நூற்றில் சிலருக்கு நடப்பதுதான், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் மூச்சுக்கே இடைஞ்சலாகியிருக்கும் என்றார். "உங்க அக்கா கரெக்டா கவனிச்சு, கரெக்டா சொன்னாங்க. எங்க ஆளுங்ககூட இவ்வளவு சுருக்கமா சொல்ல மாட்டாங்க" என்றார்.

இரண்டு வாரம் நீலமும் மஞ்சளுமாக முகம் வீங்கிக் கிடந்தாள். காதோரம் மரத்துப்போய், சீப்பு படுவதே தெரியவில்லை என்றாள். தம்பி மனைவி தலையணையை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்தாள். கழுத்து தாராளமாகத் திரும்பும்வரை காரில் ஏறக்கூடாது என்பது கட்டளை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, வலது தோள், இடது தோள் என்று தினமும் திருப்பிப் பழகினாள். ஐந்தாவது வாரம் வேலைக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்துச் சர்ஜனைப் பார்க்கப் போனபோதும் தம்பி கூடவே போனான். கழுத்து அவளுடைய வயதுக்குத் திரும்பியிருந்தது. இருபது வயதாகிவிடவில்லை, அப்படி ஆகாது என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். தாடைக்கோடு தெளிவாக இருந்தது. இடது காதுக்குப் பின்னால், மறுபடி தைத்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. சர்ஜன் கம்ப்யூட்டரைத் திருப்பி, அறுவைக்கு முன்னால் எடுத்த படத்தையும் அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அக்கா புதுப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது, அதை அவள் ஒளிக்கவில்லை. பிறகு பழைய படத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டாள்.

"இதுல ஒரு பிரதி கிடைக்குமா டாக்டர்?"

சர்ஜனுக்கு ஆச்சரியம். பெரும்பாலானவர்கள் அதை அழித்துவிடச் சொல்வார்களாம்.

"எதுக்கு அழிக்கணும்? மைதானத்தை அத்தனை சுத்து சுத்தினவ இவதானே" என்றாள் அக்கா.

தம்பி முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அக்கா அதைக் கவனித்தாள். கவனிக்காததுபோல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கிளம்புடா. மூணு மணிக்கு ஒரு அம்மா ரிவர்ஸ் எடுக்க வராங்க. போன வாரம் தூணை இடிச்சவங்க. நான் இல்லாம ஆரம்பிச்சுடப் போறாங்க."