சீனத்துச் சம்பந்தி

மகன் விஜய்சங்கரின் நிச்சயதார்த்தத்துக்கு நெல்லைநாயகம் மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் 'சீன அரச வம்சத்துச் சம்பந்தியே வருக' என்றிருந்தது. அந்த வம்சத்துக்குப் பணி நியமன ஆணை வழங்கியவர், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியரான அவரேதான். பையன் பினாங்கில் நூடுல்ஸ் கடைக்காரர் மகளைக் கட்டுகிறான் என்று சங்கரன்கோவிலில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

தெருவைச் சமாளித்துவிட்டார். அக்கா காந்திமதியம்மாளைத்தான் சமாளிக்க முடியவில்லை. தாம்பூலத் தட்டை அவள் எடுத்துக் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு நிச்சயமும் நடந்ததில்லை. அவளோ தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே நாயகம், பொண்ணு வீட்டுக்குக் குலதெய்வம் எது?"

"அரச வம்சம்க்கா. அரமனைக்குள்ளேயே சாமி உண்டு."

"ஒன்ட்ட கேக்கலலே. அவர்ட்ட கேளு."

நெல்லைநாயகத்துக்கு அது வசதியாகப் போயிற்று. இவர் ஆங்கிலத்தில் எதையாவது கேட்பார், சீனர் எதையாவது சொல்வார், மொழிபெயர்ப்பு நம் கையில். தொண்டையைச் செருமினார்.

அதற்குள் சம்பந்தி டான் எழுந்து கும்பிட்டார்.

"அக்கா, நானே சொல்றேன் லா. பினாங்குல எங்க எதிர்க்கடை கருப்பையாகிட்ட தமிழ் படிச்சேன்."

நெல்லைநாயகத்துக்கு நெற்றியில் விபூதி நனைந்தது.

"என் பாட்டனுக்கு அப்பா சீனாவுல சோறு இல்லாம கப்பல் ஏறினாரு. மலாயாவுல ஈயம் தோண்டினாரு. அவர் மாதிரியே வந்த ஒரே ஊரு, ஒரே குலத்துக்காரங்க சேர்ந்து கோயில் கட்டினாங்க. கொங்சின்னு சொல்வோம். முன்னோர் பேரெல்லாம் அங்க இருக்கு. வருசா வருசம் எங்க இருந்தாலும் போயிடணும்."

"பங்குனி உத்திரத்துக்கு நாம சாஸ்தா கோயிலுக்குப் போற மாதிரியா?"

"அது மாதிரிதான் அக்கா."

காந்திமதியம்மாள் தம்பியைப் பார்த்தாள். "இதச் சொல்லதுக்கு என்னல வெக்கம்? நம்ம தாத்தா ரங்கூன்ல மூட்ட தூக்கினவருதான?"

"அக்கா, மெதுவா."

"மைக்குலயா சொன்னேன்?" தட்டைக் கையில் எடுத்தாள். "கல்யாணம் முடிஞ்சதும் மொதப் பொங்கல் நம்ம சாஸ்தாவுக்கு. அடுத்து அவுக கோயிலுக்கு. எனக்கு ஒரு பாஸ்போர்ட்டு எடுத்து வையி."

தட்டு மாறியது. நெல்லைநாயகம் பயந்தபடி பந்தியில் ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை. பாயசம்தான் இரண்டாம் முறை வந்தது.

இலை எடுப்பதற்குள் நெல்லைநாயகம் தேறிவிட்டார். கை கழுவுகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரை மடக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிராதீரும் வே. சம்பந்திக்குப் பினாங்குல சொந்தமா ஒரு கோயிலே இருக்கு."