மூட்டுக்குள் வந்த புலி

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, என் தங்கையின் இடது கையில் மாப்பிள்ளை ரப்பர் பட்டை கட்டினார். பக்கத்தில் ரத்தம் பிடிக்க ஐந்து குழாய்கள். எல்லாவற்றிலும் 'நபர் 1' என்று ஒட்டியிருந்தது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் நபர் ஒன்று. நபர் இரண்டு யாரென்று கேட்டேன். இனிமேல்தான் தேட வேண்டுமாம்.

மூட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைப் பெட்டி ஐந்து வாரமாகப் பிரிக்காமல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்னும் மூன்று வாரம் போகட்டும் என்கிறார் இவர். மருந்து உள்ளே போனால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். தள்ளிப்போட்டால், கோணிய விரல் பிறகு நிமிராது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்று காலை அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது நான். பெரிய விஞ்ஞானிக்கு அது தெரியாது.

"உடம்பைப் பட்டாளம்னு நினைக்காதீங்க அண்ணி. அது ஒரு காடு. நோய் எதிர்ப்புச் செல்லெல்லாம் காட்டு மிருகம். லட்சக்கணக்கான வருஷமா வயித்துப் புழுவோட மல்லுக்கட்டியே வளர்ந்ததுங்க. இப்ப புழு இல்ல. இரை கெடைக்காத புலி என்ன பண்ணும்?"

"ஊருக்குள்ள வரும்."

"அதேதான். இவ மூட்டுக்குள்ள வந்திருக்கு." மாணவியை மெச்சுவதுபோலத் தலையாட்டினார்.

"ஊருக்குள்ள புலி வந்தா மயக்க ஊசி போடுவாங்களா, எட்டு வாரம் உக்காந்து கால்தடம் எண்ணுவாங்களா மாப்பிள்ளை?"

"ஆராய்ச்சிக்குப் பொறுமை வேணும் அண்ணி."

"பொறுமை அவளோடது. பேரு உங்களோடது."

ஊசியைப் பிரித்தார். "கையை இறுக்கி மூடு."

தங்கை மூடப் பார்த்தாள். வீங்கிய விரல்கள் பாதி வழியில் நின்றன.

"இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவுதாங்க மூடுது."

"போன வாரம் மூடிச்சே?" முதல் தடவையாக அவர் குரலில் அக்கறை தெரிந்தது. ஊசியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். தேதி போட்டு, குனிந்து, மணிமணியாக எழுத ஆரம்பித்தார்.

தங்கை அவர் உச்சி வழுக்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது மணிக்கட்டால் மாத்திரைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"பிரிச்சுக் குடுக்கா. எனக்கு வராது."

பிரித்து ஒன்றை அவள் வலது உள்ளங்கையில் வைத்தேன். அந்தக் கையும் மூடவில்லை. மாத்திரை நடுவில் வெள்ளையாகக் கிடந்தது. அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். இடது கையில், அவிழ்க்காத பட்டைக்குக் கீழே, நரம்பு நீலமாகப் புடைத்துக்கொண்டு வந்தது.