ஊர்: சங்குமுனை

லின் தாவ் சங்குமுனையைக் கண்ணால் கண்டவரில்லை. மன்னார்க் கரையில் அது எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. ஆனாலும் மொன்றியலில் எங்கள் சங்குமுனை சென். அந்தனீஸ் உதைபந்தாட்டக் கழகத்துக்காக இருபது வருடமாகப் பந்து மறிப்பவர் அவர்தான். ஊரில் பிறந்த சூரர்கள் எத்தனையோ பேர் இரண்டு ஆட்டம் தோற்றதும் அடுத்த கழகத்துச் சட்டைக்குள் புகுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொன்னால் ஞாயிறு பூசையில் முகம் பார்க்க முடியாது, விடுகிறேன்.

நான் யோசெப்பின், கழகத்தின் செயலாளர். பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை. நடுவர்களைத் திட்டியிருக்கிறேன்.

சீனாவிலிருந்து படிக்க வந்த லின், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலைக்கு நின்றார். ஒரு ஞாயிறு எங்களுக்கு ஆள் குறைந்தது. மரக்கறி வாங்கப் போன என் கணவர் றூபன், தட்டிலிருந்து உருண்ட முட்டைக்கோவாவை நிலத்தில் விழாமல் காலால் தாங்கிய ஒருவரைக் கண்டு கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று ஆறு கோல் வாங்கித் தோற்றோம். அப்படித் தோற்றவர்களிடம் யார் திரும்பி வருவார்? அடுத்த ஞாயிறு வலை கட்டுகிறவருக்கு முன்னாலேயே லின் வந்து நின்றார். அன்று தொடக்கம் வலை கட்டுவதும் அவர் வேலையாகிவிட்டது; போகப்போக எங்கள் தமிழும் அவர் வாயில் ஏறிவிட்டது.

வளர்மதிக் கழகத் தலைவர் அரியரத்தினம் லின்மேல் கண் வைத்தார். புவாண்ட்-கிளேரில் பெரிய பண்டகசாலை ஒன்றின் மேற்பார்வையாளர் அவர். மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம், தங்கள் கழகத்துக்கு வந்தால் பண்டகசாலைக்குள் சூடாக நின்று செய்யும் வேலையும் தருவதாகச் சொன்னார். மாசி மாதக் குளிரில் விரல் வெடித்திருந்த லின், "நன்றி அண்ணை, எனக்குக் கழகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு அடுக்கப் போனார்.

இவ்வளவும் நகர லீக் ஆட்டங்களின் கதை. எங்கள் ஆட்களுக்கு உயிர் ஆவணியில் ஊர்க் கழகங்களுக்குள் நடக்கும் ஊர்க் கிண்ணம்தான். பத்து வருடங்களுக்கு முன் வளர்மதி அதற்கு ரொறன்ரோவிலிருந்து காசுக்கு ஆட்டக்காரர்களை இறக்கி எங்களைத் தோற்கடித்தது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டம் எழுதினேன். ஒவ்வொரு வீரரும் படிவத்தில் தன் ஊரை எழுத வேண்டும். முதல் ஆட்டத்தில் எதிர்த்து நிற்கும் கழகத்தின் தலைவர், ஆம், இவர் அந்த ஊரவர்தான் என்று கையெழுத்து வைக்க வேண்டும். எல்லாக் கழகத்தாரும் கூடிய கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கால் அது நிறைவேறியது. நான் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பும்போதுதான் லின் நினைவுக்கு வந்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

முதல் ஆட்டம் வருடாவருடம் எங்களுக்கும் வளர்மதிக்கும்தான். அரியரத்தினத்திடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா? என் வீம்பு விடவில்லை. லின் ஒரு சொல் கேட்கவில்லை. ஒன்பது ஆவணியும் வலை கட்டினார், தண்ணீர் சுமந்தார், கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

இந்த வருடம் அவருடைய முழங்கால் முடிந்துவிட்டது. "இந்த வருசத்தோட காணும், விடுறன்" என்று றூபனிடம் சொன்னாராம். ஊர்க் கிண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு தரமாவது அந்தக் கிண்ணத்தில் அவர் இறங்காமல் போனால் அந்தப் பாவம் என்னுடையது. படிவத்தை எடுத்துக்கொண்டு புவாண்ட்-கிளேருக்குப் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அரியரத்தினம் வாசலுக்கு வந்தார்.

"என்ன யோசெப்பின், வழி தவறி வந்திட்டீரோ?"

"கையெழுத்துக்கு வந்தனான் அண்ணை."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பெயர்: லின் தாவ். ஊர்: சங்குமுனை.

"நீர் எழுதின சட்டம். நீரே பொய் எழுதிப்போட்டு என்னைச் சாட்சி வைக்கச் சொல்லுறீர்."

நான் கேட்டேன். "மூண்டுதரம் கேட்டனீங்கள். ஏன் அவர் உங்களிட்ட வரேல்லை?"

அவர் படிவத்தில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார்.

"பனிக்குள்ள நிண்டு விறைச்சாலும் வரமாட்டன் எண்டிட்டார் மனுசன். என்ர சொந்த மருமகன் போன மாதம் வேற கழகத்துக்கு மாறிட்டான்." பேனையை எடுத்தார். "இவர் உங்கட ஊரவர் எண்டு சாட்சி சொல்ல என்னைவிட்டால் வேற ஆர் இருக்கினம்?"

ஆட்ட நாளன்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் வீரர்களை ஊரோடு சேர்த்து அழைத்தார். "ஐந்தாம் இலக்கம், சங்குமுனை, லின் தாவ்!" முதல் கைதட்டல் எதிர்ப்பக்கம் இருந்த அரியரத்தினத்திடமிருந்து வந்தது. நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். கடைசி நிமிடத்தில் உள்ளே போக இருந்த பந்தைக் கோட்டில் விழுந்து மறித்தவர் லின். ஆட்டம் முடிந்து, முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு புல்லில் இருந்தவரிடம் போனேன்.

"லின், அந்தச் சட்டம் நான் எழுதினது. ஒன்பது வருசம் உங்களை வெளியில நிப்பாட்டினது நான்தான்."

"தெரியும் அக்கா. அண்டைக்குக் கூட்டத்தில நானும் இருந்தனான்."

"இருந்தனீங்களோ?"

"ஓம். கடைசி வரிசை. ஒரு வாக்கால வெண்டது எல்லோ? நானும் கை உயர்த்தினனான்."

"விளங்காமலோ உயர்த்தினனீங்கள்?"

"விளங்கித்தான். எங்கட கழகம் கொண்டுவந்த சட்டம்தானே அக்கா."

அவர் மைதானத்தைப் பார்த்தார். "வலை இன்னும் கழட்டேல்லை" என்று சொல்லி, கையூன்றி எழுந்து, நொண்டிக்கொண்டு கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய் வலையின் மற்ற முனையைப் பிடித்தேன்.