ஆழமான பக்கம்

எங்கள் இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் எந்தத் தடம் ஆழமோ அதுதான் எல்லை. ஒப்பந்தம் போட்டவர்கள் மேஜையில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு அதைப் படித்தால்தானே! ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புரண்டு படுக்கும். ஆழம் எந்தப் பக்கமோ கப்பல் அந்தப் பக்கம். கப்பல் போகிற பக்கம் பார்த்துத்தான் இரு தலைநகரங்களும் முறைத்துக்கொள்ளும்.

வெள்ளம் வடிந்ததும் அளப்பது என் வேலை. ஒரே படகு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி நான் அளவைச் சொல்ல, எதிர்நாட்டு அளவைக்காரர் எழுதுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கள்ளம் வந்துவிடுமாம். அந்த எதிர்நாட்டுக்காரர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். சம்பந்தம் பேசி முடித்தவனே நான்தான்.

அவர்கள் வீடு ஆற்று நடுவே ஒரு தீவில். இரு பக்கமும் இரண்டு தடங்கள். எங்கள் கரையோரத் தடம் ஆழமாக இருந்தவரை தீவு அவர்கள் நாடு. அக்காவுக்கு இப்போது எட்டு மாதம். பிரசவத்துக்குப் போக அம்மா மூன்று முறை அனுமதி கேட்டு, மூன்று முறையும் முடியாது என்று வந்துவிட்டது. அம்மா திட்டாத அதிகாரி பாக்கியில்லை.

அன்று எங்கள் தடத்தில் பதினாறு அடிதான். அவர்கள் தடத்திலோ குண்டு போய்க்கொண்டே இருந்தது. இருபத்தொன்று! தீவு எங்கள் நாட்டுக்கு வந்துவிட்டது. மாமா தன் வீட்டுக்கே வெளிநாட்டுக்காரர்.

"மாமா, கயிறு நழுவிடுச்சுன்னு வச்சுக்கலாமா?"

"கப்பல் ஓட்டுறவன் இந்த நம்பரை நம்பித்தான் வர்றான். தரை தட்டினா? சத்தமா சொல்லு மாப்ள."

சொன்னேன். எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள போட்டா போதும். அதுவரைக்கும் அது என் நாடுதான். வா, சாப்பிட்டு வருவோம்."

சாப்பாடு போடும்போதே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"அப்ப அம்மா வருவாங்களா?"

"இன்னைக்கே. உன் தம்பி கூட்டிட்டு வருவான்."

"நீங்க?"

"அனுமதிச் சீட்டு வர ஆறு மாசம் ஆகும்."

"நானும் உங்ககூடவே வந்துடறேன்."

"அங்க உனக்கு யாரு இருக்கா? நான் நாள் முழுக்கப் படகுல கிடப்பேன். இந்த நேரத்துல உனக்கு அம்மாதான் வேணும்."

அக்கா இன்னொரு கரண்டி வைத்தாள். அரை வயிற்றோடு எழுந்திருக்கும் மனுஷன் அன்று போதும் என்றே சொல்லவில்லை. இரண்டு அரசாங்கமும் காத்துக் கிடக்கட்டும் என்று நானும் தட்டை நீட்டினேன்.

கை கழுவிவிட்டு, வாசலில் நின்றே கையெழுத்துப் போட்டார். அவரை அவர் கரையில் இறக்கிவிடுவது என் கடமை. படகைத் தள்ளினேன்.

"இருட்டறதுக்குள்ள வந்துடுங்க," என்றாள் அக்கா, தினமும் சொல்லிப் பழகிய வாய்.

"சரி," என்றார் மாமா.