வெலிகாவின் கல் வரப்பு

வெலிகாவும் அவள் கணவன் மின்சோவும் வைத்திருந்ததிலேயே நல்ல நிலம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு வயல்தான். அதில்தான் அவள் முந்நூறு மலைத்தேயிலை நாற்றுகளை நட்டாள்.

ரோடோப் மலையில் யாராவது இருமினால் உடனே அடுப்பில் ஏறுவது இந்தச் செடியின் பூந்தண்டுதான். ஆனால் பாறை முகட்டில் தானாக வளர்வதைப் பறிக்கத் தடை இருந்தது. நம் நிலத்தில் நாமே வளர்த்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று வெலிகா விதை வாங்கினாள். இலையுதிர்காலத்தில் பெட்டிகளில் தூவி, குளிர்காலம் முழுக்கப் பனியில் கிடக்கவிட்டாள். முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டு, ஆட்டுப்புழுக்கை போட்டு, சாயங்காலமானால் தண்ணீரும் ஊற்றினாள்.

ஜூலைக்குள் முக்கால்வாசி அழுகிவிட்டது.

"மதினி, சூப்பு வைக்கவா வளக்குற?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் மின்சோவின் தங்கை ஸ்த்ராவ்கா. "தண்ணியிலேயே நிக்குதே!"

 மறுநாள் விடிந்ததும் வெலிகா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு பாறை முகட்டுக்கு ஏறினாள். அங்கே அந்தச் செடிகள் இருந்த இருப்பைப் பார்த்தாள். மண்ணென்று சொல்ல ஒரு பிடிகூடக் கிடையாது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் இடுக்கில் வேரை விட்டு, காற்றில் ஆடிக்கொண்டு, எலுமிச்சை நிறத்தில் பூத்துக் குலுங்கின. கம்பளி போர்த்தியதுபோல் வெளிறிய இலைகள். மத்தியானம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் வனக்காவலர் கராம்ஃபில் மறித்தார்.

"பையத் திறங்கக்கா."

திறந்தாள். உள்ளே நாலு கல் கிடந்தது.

"பூவத் திருடுறவங்களப் புடிச்சிருக்கேன். கல்லத் திருடுற யாரையும் பாத்ததில்ல. எதுக்குக்கா இது?"

"எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும்."

"அந்தாளு வயல்ல இல்லாத கல்லா?" என்று சிரித்து, வழிவிட்டார்.

மேசைமேல் கல்லை வைத்து வெலிகா விஷயத்தைச் சொன்னதும் மின்சோவின் கரண்டி நின்றது.

"வயல்ல கல்லக் கொட்டணுமா? முப்பது வருஷமா நான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிப் போட்ட கல்லையா? என் இடுப்பே அதுலதான் போச்சு!"

"எல்லா எடத்துலயும் இல்ல மின்சோ. மேட்டு ஓரமா ஒரு துண்டு மட்டும்."

"நான் செத்தப்புறம் கொட்டிக்கோ."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வெலிகாவும் கெஞ்சவில்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு, கொல்லையில் அவன் குவித்திருந்த கல்லைத் தானே கொண்டுபோய்க் கொட்டினாள். நாளெல்லாம் தள்ளியும் வரப்பு ஒரு ஆள் நீளத்துக்குத்தான் வந்தது. மூன்றாம் நாள் காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. தொட்டி நிறையக் கல்லோடு மின்சோ வந்து நின்றான்.

"நீ தள்ளுற வேகத்துக்குக் கிறிஸ்துமஸ் வந்துடும்" என்றான். "எங்க கொட்டணும், சொல்லு."

பிழைத்திருந்த அறுபத்துச் சொச்சம் செடிகளைக் கல் இடுக்குகளுக்கு மாற்றினார்கள். வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர், அப்புறம் அதுவும் இல்லை. புழுக்கையைத் தக்காளிக்குக் கொடுத்தாள். ஸ்த்ராவ்கா தினமும் வேலியோரம் வந்து, "கல்லு முளைச்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பனி உருகியபோது நாலைந்துதான் போயிருந்தன. அந்தக் கோடையில் ஆங்காங்கே ஒரு தண்டு பூத்தது. அதற்கடுத்த ஜூலையில் வரப்பே மஞ்சளாகி, தேனீக்கள் காலையிலிருந்து ரீங்கரித்தன. ஊரில் பாதிப் பேர் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள்.

"வேரோட இழுக்காதீங்க, தண்ட மட்டும் நறுக்கணும்" என்று அரிவாளும் கையுமாக எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தான் மின்சோ. "இதுக்குச் சொகுசு ஆகாது. கல்லு வேணும், கல்லு. நான் அப்பவே சொன்னேன்."

வெலிகா கத்தரித்த தண்டுகளைக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மதினி," என்று தணிந்த குரலில் கூப்பிட்டாள் ஸ்த்ராவ்கா. "எனக்கு ஒரு இருபது நாத்து கெடைக்குமா?"

"தரேன். கல்லு மட்டும் உன் அண்ணன்கிட்ட கேட்டுக்கோ. இப்ப அவரு யாருக்கும் சும்மா குடுக்கிறதில்ல."