லைனில் யாரும் இல்லாத கேள்வி

1

இந்தக் கதை ஒரு வானொலிக் கேள்வியிலிருந்து வந்தது. 'கேட்டவன் நானில்லை' என்று அடுத்த வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். 'அவன்' என்றே சொல்லிப் போகிறேன். கை நடுங்காமல் எழுத அதுதான் தோது.

(கை நடுங்குவதெல்லாம் மிகை. நடுங்கவே இல்லை. சிக்கலே அதுதான்.)

2

முதல் தொடக்கம்: 'மனைவி இறந்தபின் அவன் வேலைக்குத் திரும்பியபோது அலுவலகமே அவனைப் பார்த்து...'

வேண்டாம். அலுவலகம் எப்போதும்போலத்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ஒரு மேசை, மூன்று நிபுணர்கள், நேரலை. ஒருவர் பொருளாதாரம், ஒருவர் ஓவியம், ஒருவர் மூளை மருத்துவர். மக்கள் போனில் கேட்பார்கள், இவர்கள் பதில் சொல்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன். வரும் அழைப்புகளில் உளறலைக் கழித்து, நல்ல கேள்விகளை ஒரு வரியில் தட்டித் தொகுப்பாளரின் திரைக்கு அனுப்புவான். நிலையத்தில் அவனுக்கு 'வடிகட்டி' என்றே பெயர்.

3

அந்த மூளை மருத்துவர், டாக்டரம்மாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குப் பேனா நீளுகிறது. சுருக்குகிறேன்.

எந்தக் கேள்விக்கும் பதிலுக்கு முன் அவர் ஒன்று திருப்பிக் கேட்பார். கொட்டாவி ஏன் தொற்றுகிறது என்று கேட்ட பெண்மணியிடம், "இப்ப வருதா?" என்றார். வந்தது. ஓவியருக்கும் வந்தது.

பொருளாதாரத்துக்காரர் ஒருமுறை, "மேடம் பதில் சொல்ல வந்தாங்களா, பேட்டி எடுக்க வந்தாங்களா?" என்று சீண்டினார். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார் டாக்டரம்மா. சிரித்துக்கொண்டேதான்.

தெரிந்ததைச் சொல்வார். தெரிந்தது தீர்ந்த இடத்தில் நிறுத்துவார். ஆறுதலுக்காகக்கூட ஒரு சொல் கூட்டமாட்டார். இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். ஒரு குறையாவது வைக்கலாமென்று தேடினேன். காபியை ஆறவிட்டுக் குடிப்பார், அவ்வளவுதான் கிடைத்தது.

4

அன்று அழைப்புகள் குறைவு. அவன் தன் கேள்வியைத் தட்டினான்: 'நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கு நாம் பேசுவது கேட்குமா?' பெயர்: நேயர். லைன்: நான்கு.

லைன் நான்கில் யாரும் இல்லை.

மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்த மனைவியருகே உட்கார்ந்து பேசியபடியே இருந்தவன் அவன். தண்ணீர் வராதது, அவள் அண்ணன் வண்டியை இடித்தது, அடுத்த மாதம் போகவேண்டிய ஊர். அத்தனையும் போய்ச் சேர்ந்ததா? அதுமட்டும் தெரிந்தால் போதும்.

வேறொருவன் செய்யமாட்டான் இந்தத் தப்பை. அழைப்பே இல்லாமல் கேள்வியை உள்ளே விட வடிகட்டியால் மட்டும்தான் முடியும். டாக்டரம்மா திருப்பிக் கேட்பார் என்பதை மறக்கவும் அவனால் மட்டும்தான் முடிந்தது.

தொகுப்பாளர் கேள்வியைப் படித்தார். டாக்டரம்மா மைக்கருகே குனிந்தார்.

"லைன்ல இருக்கீங்களா? ஒண்ணு சொல்லுங்க. இனிமேதான் பேசப் போறீங்களா, இல்ல, பேசிட்டீங்களா?"

பதில் இல்லை. வானொலியில் மௌனம் என்றால் பழுது. தொகுப்பாளர் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார்.

5

முடிவு அ: 'லைன் கட்' என்று தட்டுகிறான். அடுத்த கேள்வி, விலைவாசி. வேலை பிழைக்கும்.

முடிவு ஆ: அவன் மேசையிலும் ஒரு ரிசீவர் உண்டு. நான்காம் பட்டனை அழுத்தினால் குரல் நேரே ஒலிபரப்பில் போகும்.

'அ'வைத்தான் மூன்று தடவை எழுதினேன். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. ரிசீவரை எடுத்துவிட்டான்.

"பேசிட்டேன், மேடம்."

குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கண்ணாடிப் பக்கம் திரும்பினார். தொகுப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப உங்களுக்கு வேற மாதிரிதான் சொல்லணும்," என்றார்.

இதற்குமேல் நான் எழுதினால் என் ஆசையைத்தான் எழுதுவேன். தெரியாததை ஒருநாளும் சொல்லாதவரின் வாயில் அதைத் திணிக்க மனம் வரவில்லை. நீங்களும் யாரிடமாவது இதைக் கேட்டிருக்கக்கூடும். அவர் என்ன சொன்னாரோ, அதை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.